இடம் வலம் ஜீரோ, ஆனாலும் பாஸுக்குப் பாஸ் படி விழுகிறது

கணபதி பட்டறை:
வணக்கம்ங்க. வீட்டுக்குப் பின்னால் சின்ன பெஞ்ச் மில்லிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். 120 மி.மீ. அகல அலுமினியத் தட்டு, 50 மி.மீ. ஃபேஸ் கட்டர். டேபிளை இடம் வலமாக ஓட்டி, ஒவ்வொரு பாஸுக்கும் 40 மி.மீ. நகர்த்தி மூன்று பாஸ். முடித்த பிறகு முன் பின்னாக நகத்தை இழுத்தால் இரண்டு இடத்தில் தட்டுகிறது. "இதென்னங்க, வரப்பு கட்டியிருக்கீங்க?" என்று பார்ட்டி திருப்பி அனுப்பிவிட்டார். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் டயல் (நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கேஜ்) கட்டி இடம் வலம் பார்த்தேன், வித்தியாசம் ஜீரோதான். வேறு என்ன பார்ப்பது?

சூலூர் பிட்டர்:
ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்டுக்கு லாக் போட்டுத்தான் ஓட்டினீர்களா? ஜிப் (சறுக்கும் பாகத்தின் ஆட்டத்தை இறுக்கும் பட்டை) லூசாக இருந்தாலும் இப்படி வரும். டயலை வைத்துக்கொண்டு ஹெட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள், முள் ஆடக்கூடாது.

கணபதி பட்டறை:
பார்த்தேன் அண்ணா. ஆடவில்லை.

பீளமேட்டுப் பழைய கை:
தம்பி, பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். இடம் வலமாக ஓட்டும்போது ஹெட்டின் இடம் வலச் சாய்வு பரப்பை லேசாகக் குழிக்கும், அவ்வளவுதான். படி விழுந்தால் முன் பின் சாய்வு. ஜாபைப் பிடிக்கும் வைஸைக் கழற்றிவிட்டு டயலை முன்னும் பின்னும் சுற்றுங்கள். டேபிளில் உள்ள டீ ஸ்லாட் பள்ளத்தில் டயல் முனை விழுந்து தொல்லை கொடுக்கும். உக்கடம் பழைய இரும்புக் கடையில் 6212 பேரிங்கின் வெளி வளையம் வாங்கி டேபிளில் வைத்து அதன் மேல் ஓட்டுங்கள். டேபிளிலும் வளையத்திலும் ஒரு பிசிறு இருக்கக்கூடாது.

கணபதி பட்டறை:
100 மி.மீ. தூரத்துக்கு முன்பக்கம் 0.04 கூடக் காட்டுகிறது அண்ணா. இது பெரிய தப்பா?

பீளமேட்டுப் பழைய கை:
40 மி.மீ. நகர்த்தினால் படி 0.016. நகம் விடுமா? டயல் முன்பக்கம் கூட அமுங்கினால் தூண் முன்னால் குனிந்திருக்கிறது. தூணின் அடியில் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் எவ்வளவு தூரம்?

கணபதி பட்டறை:
120.

பீளமேட்டுப் பழைய கை:
100க்கு 0.04 என்றால் 120க்கு 0.048. ஃபில்லர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.05 தகட்டை வெட்டி, முன் போல்ட் இரண்டுக்கும் அருகே தூணின் அடியில் ஷிம்மாகக் கொடுங்கள். தூண் கனம், ஆள் துணை இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தாதீர்கள். முழுசாக முறுக்கிய பிறகு வரும் ரீடிங்தான் கணக்கு. அப்புறம் இடம் வலத்தையும் மறுபடி பாருங்கள், கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

கணபதி பட்டறை:
மச்சானைத் துணைக்குக் கூப்பிட்டு முடித்தேன். முதல் தடவை முறுக்கியதும் 0.02 காட்டியது. கழற்றிப் பார்த்தால் ஷிம்முக்கு அடியில் ஒரு பொடிச் சில்லு! துடைத்துப் போட்டதும் 0.005க்குள் வந்துவிட்டது. தட்டில் கோடு கண்ணுக்குத் தெரிகிறது, நகம் தட்டவில்லை.

சூலூர் பிட்டர்:
வைஸைத் திரும்ப மாட்டும்போது நகராத தாடையில் டயல் ஓட்டிவிட்டு முறுக்குங்க. இல்லாவிட்டால் அடுத்த ஜாப் கோணலாகித் திரும்பி வரும்.