இடுப்பு அறுவை: காடல் (வால் எலும்புப் பக்கம் போடுற மரப்பு ஊசி) ராத்திரி வரை தாங்குமா?

(மூணு ஊர் மயக்க மருந்து டாக்டர்கள் பேசிக்கிறது)

பாளையங்கோட்டை:
2 வயசு, 12 கிலோ. பிறவியிலேயே விலகின இடுப்பு மூட்டு. திறந்து பொருத்தி, இடுப்பெலும்பையும் வெட்டிச் சரிபண்ணி இடுப்பையும் காலையும் சேர்த்துப் போடுற ஸ்பைகா மாவுக்கட்டு. மத்தியானம் காடல் போட்டா ராத்திரி வலி வந்திருதே, என்ன செய்யலாம் அண்ணாச்சி?

தென்காசி:
0.2% ரோபிவகெய்ன்ங்கிற மரப்பு மருந்து கிலோவுக்கு 1 மில்லி, ஆக 12 மில்லி. தனியாப் போட்டா 4-6 மணி நேரந்தான். பிரிசர்வேட்டிவ் இல்லாத குளோனிடின் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் சேர்த்தா நீளும். தூக்கமும் கூடும், ராத்திரி ஆக்சிஜன் மானிட்டரைக் கழற்றாதீங்க. ஊசி சவ்வைத் தாண்டினதும் நிறுத்துங்க, சின்னப் பிள்ளைகளுக்கு தண்டுவட நீர் இருக்குற டியூரா பை கீழே இறங்கியிருக்கும். ரத்தமோ தண்டுவட நீரோ வருதான்னு உறிஞ்சிப் பார்த்து, கொஞ்சங் கொஞ்சமா, கண்ணு ஈசிஜியில. மரப்பு மருந்து ரத்தத்துல ஏறி விஷமானா கொடுக்க 20% லிப்பிட் (கொழுப்புத் திரவம்) பக்கத்திலேயே இருக்கணும்: முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மில்லி.

கோவில்பட்டி:
எலும்பு வெட்டு இருக்கே, எபிடூரல் கதீட்டர்தான் (டியூரா பைக்கு வெளியே விட்டு மருந்து ஓட்டுற மெல்லிய குழாய்) சரி. 0.1% ரோபிவகெய்ன் மணிக்கு 2.4 மில்லி. கதீட்டரை முதுகோட மேலே தோள் வரைக்கும் ஒட்டுங்க. கட்டுக்குள்ள மடங்கினா மருந்து போகாது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அழுறதுக்குக் காத்திராம 6 மணி நேரத்துக்கு ஒருக்க.

ஒண்ணு முக்கியம். நல்லா இருந்த பிள்ளைக்கு வலி திடீர்னு ஏறினா மருந்து பம்பு வேகத்தைக் கூட்டாதீங்க. கால்விரலைப் பாருங்க: வெளுத்து, சில்லிட்டு, வீங்கியிருந்தா கட்டு இறுக்குதுன்னு அர்த்தம், உடனே மாவுக்கட்டைப் பிளக்கணும்.

பாளையங்கோட்டை:
அப்ப மூத்திரக் குழாய்?

கோவில்பட்டி:
எபிடூரல் ஓடுற வரைக்கும் இருக்கட்டும்.