வட நோர்வேயின் அல்டாவில் ஈஸ்டர் விடுமுறை: 2 வயது, 6 வயதுப் பிள்ளைகளோடு விட்டாவுக்கு ஒருநாள் போய்வர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேட்டவர்: அல்டா_புதுசு

வணக்கம். அல்டாவில் எங்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம். மூத்தவளுக்கு 6, சின்னவனுக்கு 2. ஈஸ்டர் வந்தால் ஊரே ஸ்கியைக் கட்டிக்கொண்டு விட்டாவுக்கு (ஊருக்கு மேலே இருக்கும் திறந்த மேட்டுநிலம்) ஏறுகிறது. நாங்களும் கார்கியாப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு ஏரிவரை போய், ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடித்து, நெருப்பு மூட்டிச் சாப்பிட்டுவிட்டு வர நினைக்கிறோம். சின்னவனுக்குப் புல்க் (பின்னால் இழுக்கும் பிள்ளைச் சறுக்கு வண்டி) இரவல் கிடைக்கும்.

கேட்க விரும்புவது: −8 பாகையில் புல்க்கில் இருக்கும் பிள்ளைக்கு எத்தனை உடுப்பு? ஏப்ரலில் ஐஸ் தாங்குமா? பனிச்சரிவுக்குப் பயப்பட வேண்டுமா? சோறு கறி கொண்டுபோகலாமா?

பதில்: கம்பளிக்காரி

தம்பி, முதலில் ஒன்றை மனதில் வையுங்கோ: இழுக்கிற ஆளுக்கு வேர்க்கும், இருக்கிற பிள்ளை விறைக்கும். தகப்பன் தன் உடம்புச் சூட்டை வைத்துக் கணக்குப் போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. ஸ்கி ஓடும் பெரியவருக்கு மெல்லிய கம்பளியும் காற்றுக்கு ஒரு மேல்சட்டையும் காணும். அசையாமல் இருக்கும் 2 வயதுப் பிள்ளைக்கு அதைவிட இரண்டு அடுக்கு கூட வேண்டும்.

உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி, மேலும் கீழும். அதன்மேல் தடித்த கம்பளி அல்லது ஃபிளீஸ். அதன்மேல் காற்றுப் புகாத முழு உடுப்பு. இவ்வளவும் போட்டபின் தள்ளுவண்டிக்குப் பாவிக்கும் தூக்கப்பையில் (வோக்ன்போஸ) இறக்க வேண்டும். பருத்தி எதுவும் தோலில் படக்கூடாது, பெனியன் உட்பட. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காயாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

குளிர் அதிகம் வருவது கீழிருந்து. புல்க்கின் பிளாஸ்ரிக் அடி நேரே பனியில் உரசிக்கொண்டு போகிறது. அடியில் ஃபோம் பாய், அதன்மேல் ஆட்டுத்தோல் அல்லது கலைமான் தோல். மேலே மூன்று போர்வை போட்டுவிட்டு அடியில் ஒன்றும் விரிக்காமல் போவதால் பயனில்லை.

கால்: இறுக்கமான சப்பாத்து வேண்டாம். கம்பளிக் காலுறை ஒன்று, அதன்மேல் தொளதொளத்த இறகுச் சப்பாத்து. இரண்டு காலுறையைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். கைக்கு விரல் பிரியாத கையுறை, உள்ளே கம்பளி, வெளியே காற்றுக்கு ஒன்று. மாற்றுக்கு இன்னொரு சோடி உங்கள் சட்டைக்குள்ளேயே இருக்கட்டும், சூடாக இருக்கும்.

15–20 நிமிடத்துக்கு ஒருக்கால் நின்று, உங்கள் கையுறையைக் கழற்றி, பிள்ளையின் பிடரிக்குள் விரலை விட்டுப் பாருங்கோ. சூடாக, உலர்ந்து இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்ற வேண்டும், வேர்வைதான் பிறகு குளிராக மாறும். பிடரி குளிர்ந்திருந்தால் உடனே தூக்கி வெளியில் நடக்கவிட வேண்டும். கன்னத்தையும் மூக்கையும் பாருங்கோ: வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒரு புள்ளி தெரிந்தால் அது பனிக்கடி தொடங்குகிற இடம். வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துச் சூடாக்க வேணும். தேய்க்கவே கூடாது. நித்திரையாகிவிட்டால் இன்னும் கவனம், தூங்கும் பிள்ளை குளிருது என்று சொல்லாது.

−8 என்று வானிலை சொன்னாலும் காற்றைப் பார்க்காமல் வெளிக்கிட வேண்டாம். −10 இல் விநாடிக்கு 10 மீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு அது −20 மாதிரி. அப்படியான நாளில் 2 வயதுப் பிள்ளையோடு விட்டாவுக்குப் போகத் தேவையில்லை. ஊருக்குள் இருக்கும் விளக்குப் பாதையே (லீஸ்லோய்ப) போதும், அங்கே மரம் காற்றை மறிக்கும்.

வெயிலை மறந்துவிடாதேங்கோ. ஏப்ரல் தொடக்கத்திலேயே இங்கே பகல் 14 மணித்தியாலத்துக்கு மேல், அதோடு பனி கீழிருந்தும் வெயிலைத் திருப்பி அடிக்கும். இரண்டு பிள்ளைக்கும் கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றி ரப்பர் நாடா வைத்தது. முகத்துக்கு 50 காரணி வெயில் கிறீம், மூக்கின் அடிப்பக்கமும் நாடிக்குக் கீழும் சேர்த்து. கறுப்புத் தோல் எரியாது என்று விடுவது பிழை, கண்ணுக்கு நிறம் கிடையாது.

பதில்: தூண்டில்

அக்கா உடுப்பைச் சொல்லிவிட்டா, நான் ஐஸுக்கு வாறன்.

ஏரியில் நடக்க 10 சென்ரிமீற்றர் "ஸ்டோல்ஈஸ்" (கறுத்த, கண்ணாடி போன்ற கெட்டி ஐஸ்) காணும் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் அளவு. விட்டாவில் ஏப்ரல் தொடக்கத்தில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் இருப்பது வழமை. ஆகவே நடு ஏரி பிரச்சினை இல்லை. ஆறு ஏரிக்குள் விழும் வாய், வெளியேறும் வாய், இரண்டு கரை நெருங்கும் ஒடுக்கம், கரையோர நாணல், இவைதான் ஆபத்தான இடங்கள். ஓடும் தண்ணீர் அடியிலிருந்து ஐஸைத் தின்னும், மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரத்துக்கு நீர்மட்டம் மாறும் தேக்கங்களையும் தவிருங்கோ. அல்டா ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் விர்ட்னேயவ்ரி அப்படியானது. குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் இறங்க இறங்க, கரையில் ஐஸ் தொங்கி வெடித்துப்போய் இருக்கும்.

மே மாதம் கணக்கு வேறு. வெயில் ஐஸின் படிகங்களுக்கு இடையில் உருக்கி அதை நெட்டுக்குத்தான ஊசிகளாகப் பிரித்துவிடும். அரை மீற்றர் தடிப்பு இருந்தாலும் காலை வைத்தால் பொலபொலவென்று உதிரும்.

பெரியவர் ஒவ்வொருவரின் கழுத்திலும் ஐஸ் ஆணி (ஈஸ்பிக்க) தொங்க வேண்டும், பையின் அடியில் அல்ல. விழுந்தால் வந்த பக்கம் திரும்பு, ஆணியைக் குத்து, காலை உதைத்து வயிற்றில் ஏறு, எழும்பாமல் உருண்டு வா. வந்த பக்கத்து ஐஸ் உன்னைத் தாங்கியது என்பது தெரிந்த விஷயம், முன்பக்கம் தெரியாது.

மீன்பிடி: 130 மில்லிமீற்றர் துளைப்பான் ஆர்ரிக் சார் மீனுக்கும் (ரோய) ட்ரவுட்டுக்கும் அளவானது. ஐஸ் தடிப்பாக இருந்தால் நீட்டுக்குழாய் இல்லாமல் பாதியில் நிற்பியள். தண்ணீர் வந்ததும் நிறுத்தி, துளைப்பானை நேரே மேலே இழுத்தால் ஐஸ்தூள் அதோடு வரும். மிச்சத்தை ஓட்டைக்கரண்டியால் அள்ள வேண்டும். ஆழமில்லாத இடத்தில் அடியில் கல்லைத் தட்டினால் அலகு அன்றோடு போச்சு. வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து உறை போடுங்கோ, ஈரத்தோடு விட்டால் உறையும் உறைந்து ஒட்டிவிடும்.

0.20–0.25 மில்லிமீற்றர் நரம்பு, சின்னப் பித்தளை மினுக்கி (மீனை இழுக்கும் மினுங்கும் தகடு), கொழுக்கியில் ஒரு புழு. அடி தொடும்வரை இறக்கி, ஒரு சாண் உயர்த்தி, மெல்லத் தூக்கி விட்டு, பிறகு அசையாமல் பத்துவரை எண்ணச் சொல்லுங்கோ. பிள்ளைகள் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், மீன் கடிப்பது நிறுத்தும்போதுதான். 2 முதல் 6 மீற்றர் ஆழத்தில் நாலைந்து ஓட்டை போட்டு, 15 நிமிடத்தில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்ததுக்கு மாறலாம். உயிர் மீனை இரையாகப் போடுவது நோர்வேயில் தடை. மீன்பிடி அட்டை வேண்டுமா என்பதை அந்த ஏரிக்கு முதலே பார்த்துவிடுங்கோ.

13 சென்ரிமீற்றர் ஓட்டையில் சின்னவனின் கால் முழங்கால்வரை போகும். பக்கத்தில் ஒரு தடியை நட்டு, போகும்போது பனிக்கட்டியால் அடையுங்கோ. 10 மணிக்கு வெளிக்கிட்டால் காணும், காலைக் குளிரில் பிள்ளைகளை வதைக்கத் தேவையில்லை.

பதில்: மேற்குக்காற்று

நேரத்தில் மட்டும் தூண்டிலோடு எனக்கு உடன்பாடில்லை. 8 மணிக்குக் காரைவிட்டு இறங்குங்கள்.

காரணம் பனி. வசந்தத்தில் பகல் வெயிலில் மேல்பனி உருகி, இரவு உறைந்து, காலையில் தோசைக்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். இதைத்தான் "ஸ்கார" என்கிறார்கள். காலையில் 6 வயதுப் பிள்ளை அதன்மேல் விரும்பிய பக்கம் ஓடலாம், புல்க் விரலால் இழுத்தாலும் வரும். மதியம் தாண்டினால் அதே பனி கஞ்சியாகும். பாதையைவிட்டு ஒரு அடி விலகினால் இடுப்புவரை இறங்கும், 15 கிலோ புல்க் 40 கிலோ மாதிரி இழுக்கும். திரும்பும் வழி அந்த நேரத்தில் வந்தால் பிள்ளையும் களைத்திருக்கும். 8 மணிக்குப் போய் 1 மணிக்குக் காரில் இருப்பதுதான் நல்ல கணக்கு.

தூரம்: 6 வயது, முதல் பருவம் என்றால் போக 2 கிலோமீற்றர், வர 2. அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். அவளுக்கு மெழுகு பூசும் ஸ்கி வேண்டாம், அடியில் செதில் வெட்டியது போதும். உங்களுக்குத் தோல் ஒட்டிய ஸ்கி வசதி, ஆனால் பூச்சியப் பாகையில் புதுப்பனி விழுந்தால் தோலில் பனி கட்டிபிடித்து உயர்குதிச் செருப்பு மாதிரி நிற்கும். வீட்டிலேயே அதற்கான திரவத்தைத் தடவிக்கொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பனிச்சரிவு: விட்டா பெரும்பாலும் தட்டை, செங்குத்தான லிங்கன் மலைகள் மாதிரி அல்ல. ஆனாலும் ஓடைப் பள்ளங்கள் உண்டு. 30 பாகைக்கு மேல் சரிந்த எந்த இடமும் கணக்கில் சேரும், 5 மீற்றர் உயரக் கரைகூட ஒரு பிள்ளையை மூடப் போதும். சரிவின் உயரத்தைப்போல மூன்று மடங்கு தூரம் ஒதுங்கி நெருப்பு மூட்டுங்கள். காற்று மறைவென்று அந்தக் கரையின் அடியிலேயே போய் உட்காருவதுதான் நடக்கும் பிழை, காற்று பனியைக் கொண்டுவந்து குவிப்பதும் அதே இடத்தில்தான். புறப்படும் காலை வர்சொம் என்ற நோர்வே இணையத்தளத்தில் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்.

இறக்கத்தில் புல்க்குக்குப் பின்னால் இன்னொரு பெரியவர் கயிற்றோடு வர வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் ஸ்கியைக் கழற்றி நடந்து இறங்குங்கள்.

கலைமான் கூட்டம் கண்டால் நில்லுங்கள், கடந்து போகட்டும். பெண்மான்கள் வயிற்றில் கன்றோடு இருக்கும் காலம் இது.

கேட்டவர்: அல்டா_புதுசு

எல்லாருக்கும் நன்றி. 8 மணி என்றே முடிவு. சாப்பாடும் நெருப்பும்தான் மிச்சம். இடியப்பம், சொதி கொண்டுபோனால்?

பதில்: கம்பளிக்காரி

சொதியை விட்டுவிடுங்கோ. தேங்காய்க் கொழுப்பு 24 பாகைக்குக் கீழே கட்டிபடும். தட்டில் ஊற்றி இரண்டு வாய் வைப்பதற்குள் மெழுகுதிரி மாதிரி உதட்டில் ஒட்டும். இடியப்பம் காற்றில் கம்பியாகும். அகன்ற வாய் தேர்மொஸில் குழைந்த சோறும் பருப்பும் நல்லாய்ப் போகும், நல்லெண்ணெய் விட்டுத் தாளித்தால் உறையாது. தேர்மொஸுக்குள் முதலில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டுச் சாப்பாட்டைக் கொதிக்கக் கொதிக்கப் போட வேணும். இங்கத்தைய ஆக்கள் கொதிநீர்த் தேர்மொஸுக்குள்ளேயே சொசேஜைப் போட்டுக் கொண்டுவருவார்கள், அதுவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கோ, மேலே வருவதுதான் முதலில் உறையும், மூடிப்பக்கம் திறக்கும்.

வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் கடைகள் பூட்டு. 2026 இல் ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 5. புதனுக்கு முதல் எல்லாம் வாங்கி முடியுங்கோ.

பதில்: தூண்டில்

நெருப்பு: பனிமேல் நேரே மூட்டினால் அரை மணியில் குழிக்குள் இறங்கி அணையும். நெருப்புச் சட்டி கொண்டுபோங்கோ, இல்லையென்றால் கையளவு தடித்த கட்டைகளை அடுக்கி அதன்மேல் மூட்ட வேணும். விறகு வீட்டிலிருந்து. நிற்கும் பேர்ச் மரத்தில் பட்டை உரிக்கக்கூடாது, மரம் காயப்படும். பனி சுமந்த கிளைக்கு அடியில் மூட்டினால் சூட்டில் கிளை முழுவதையும் நெருப்பில் கொட்டும். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டிலும் காட்டுக்குப் பக்கத்திலும் நெருப்புக்குப் பொதுத்தடை. நிலம் முழுக்கப் பனி மூடித் தீப்பரவ வழியே இல்லாத இடத்தில் பிரச்சினையில்லை, ஆனால் பிந்தி வரும் ஈஸ்டரில் அதையும் யோசிக்க வேணும்.

பதில்: மேற்குக்காற்று

கைபேசி உள்சட்டைப் பையில் இருக்கட்டும், வெளிப்பையில் 40 வீதம் காட்டிக்கொண்டே செத்துப்போகும். மருத்துவ அவசரத்துக்கு 113. மேட்டில் சமிக்ஞை இல்லாத இடங்கள் இருப்பதால் எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வழியில் காற்று எழும்பினால் ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். சோற்றுத் தேர்மொஸைக் காருக்குள் வைத்தும் திறக்கலாம்.