இத்தாலியில் நாங்கள் இருவர் மட்டும், வாடகைக் காரில் ஊர் ஊராக: இந்தத் திட்டம் சரிவருமா?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் இத்தாலி போகிறோம். ரோமில் இறங்கி, இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தங்கிவிட்டு, மிலானில் விமானம் ஏறுகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று, விசாவும் வந்துவிட்டது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு இப்போதுதான் இருவராகக் கிளம்புகிறோம், அதனால் குழுவோடு போய் விடியற்காலையில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற பயணம் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். நாங்களே ஓட்டிக்கொண்டு, பிடித்த இடத்தில் நிறுத்தி, நின்று பார்த்துப் போக ஆசை.

அவருக்குக் கார் ஓட்டுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வால்பாறை, கொல்லிமலை கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் நல்ல பழக்கம். ஆனால் சாலையின் வலது பக்கம் ஓட்டியதே இல்லை, இடது பக்க ஸ்டீயரிங்கும் புதுசு. அவருக்குப் பயமில்லை, எனக்குத்தான்.

அவர் போட்டிருக்கும் திட்டம்: ரோம் விமான நிலையத்திலேயே கார் எடுத்து, அமால்ஃபி போய், திரும்பி வந்து சியெனா, சான் ஜிமிஞானோ, ஃபுளோரன்ஸ், பீசா, வெனிஸ், கடைசியில் மிலானில் காரை விட்டுவிடுவது. தினம் ஒரு ஊரில் தங்கல். இது ஆகிற காரியமா? ஊருக்குள் கார் போனாலே கேமரா படம் பிடித்து, மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வருகிறதாமே, அதிலிருந்து எப்படித் தப்புவது? இருவரும் சைவம், எனக்கு முழங்கால் வலி உண்டு, இந்த இரண்டையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை நேசன்:

அக்கா, கார் எடுப்பது நல்ல யோசனைதான், ஆனால் எட்டு ஊருக்கும் கார் வேண்டாம். இத்தாலியில் பெரிய ஊர்களுக்குள் கார் ஒரு பாரம், சிற்றூர்களுக்கு நடுவே அது இல்லாமல் கை ஒடிந்தது போல இருக்கும். அதனால் நடுவில் உள்ள டஸ்கனி பகுதிக்கு மட்டும் கார் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது இப்படி. ரோமை நடந்தும் மெட்ரோவிலும் பாருங்கள். அங்கிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஃபுளோரன்ஸையும் நடந்தே பார்க்கலாம். பார்த்து முடித்துக் கிளம்புகிற அன்று காலை டிராம் ஏறி (டி2, பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்) விமான நிலையத்துக்குப் போய் அங்கே காரை எடுங்கள். ஊருக்குள் இருக்கும் வாடகைக் கடைகளில் எடுக்காதீர்கள், கடையை விட்டு வெளியே வரும்போதே தடை செய்த தெருவில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். நாலைந்து நாள் சியெனா பக்கம் சுற்றிவிட்டு அதே இடத்தில் காரை விட்டால், வேறு ஊரில் விடுவதற்கான தனிக் கட்டணமும் மிச்சம். பிறகு மிலானுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான். வெனிஸ் போயே ஆகவேண்டும் என்றால் அதுவும் ரயில்தான், காரில் போனாலும் பியாசாலே ரோமா என்ற சதுக்கத்தோடு சாலை முடிந்துவிடும், அங்கே பார்க்கிங்குக்குப் பணம் கட்டிவிட்டு நடக்கவோ படகு ஏறவோதான் வேண்டும்.

அமால்ஃபியை இந்த முறை விட்டுவிடுங்கள். அது நேப்பிள்ஸுக்கும் தெற்கே, நீங்கள் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், எதிரே பஸ். வலது பக்கம் ஓட்டிப் பழகுகிற இடம் அது இல்லை.

அபராதம் பற்றி. பழைய நகரப் பகுதிகளில் வெளி வண்டிகளுக்குத் தடை உண்டு, இசட்.டி.எல். என்று சொல்வார்கள். நுழைவாயிலில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை, பக்கத்தில் கேமரா, பல இடங்களில் ஒரு மின்பலகையும் இருக்கும். அதில் ‘வார்கோ அத்திவோ’ என்று எரிந்தால் தடை நேரம், உள்ளே போகக்கூடாது. ‘நோன் அத்திவோ’ என்றால் போகலாம். தடுப்புக் கட்டை, போலீஸ்காரர் எதுவும் இருக்காது, அதனால்தான் இத்தனை பேர் மாட்டுகிறார்கள். வழிகாட்டும் ஆப் சொல்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள், பல சமயம் அது நேராக உள்ளேயே கூட்டிப்போகும். விடுதி பழைய நகரத்துக்குள் இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்து தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே தங்கிவிடுங்கள், அதுவே நிம்மதி.

வலது பக்கம் ஓட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. நெரிசலில் தடுமாற்றம் வராது, முன்னே போகிற வண்டியைப் பின்தொடர்ந்தால் போதும். ஆளில்லாத சாலையில்தான் கை தன்னால் இடது பக்கம் இழுக்கும். பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போது, காலையில் பண்ணை வீட்டு வாசலிலிருந்து திரும்பும்போது. அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்திலிருந்து “வலது, வலது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, அது உங்கள் இடது பக்கத்திலிருந்து வரும். கார் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள், சொல்லாவிட்டால் பெரும்பாலும் கியர் வண்டிதான் தருவார்கள், வலது கையால் கியர் போடுவதையும் சேர்த்துப் பழக வேண்டாமே.

பலெர்மோ வாசி:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், கனகாலமாக இங்கே பலெர்மோவில் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் ஆட்கள் இங்கே நிறையப் பேர். எங்கள் நாட்டிலும் இடது பக்க ஓட்டம்தானே, இங்கே வந்துதான் எல்லோரும் மாறினோம், ஓரிரு நாளில் பழகிவிடும், பயப்படாதீர்கள்.

அவுத்தோஸ்திராதா எனும் பெரும்பாதையில் நுழையும்போது மெஷின் ஒரு சீட்டுத் தரும், அதைப் பத்திரமாக வையுங்கள், வெளியேறும் இடத்தில்தான் காசு. அங்கே பல வரிசை இருக்கும். மஞ்சள் நிறத்தில் டெலிபாஸ் என்று மட்டும் போட்டிருப்பது சுங்கத்தைத் தானாகக் கட்டும் கருவி பொருத்திய வண்டிகளுக்கு, அதற்குள் போகவேண்டாம். நீலம் கடனட்டைக்கு, வெள்ளையில் கையும் நாணயமும் வரைந்திருப்பது காசுக்கு. தவறிப்போய் மஞ்சளுக்குள் நுழைந்துவிட்டாலும் வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டாம், அது ஆபத்து, சட்டப்படியும் குற்றம். உதவிக்கான பொத்தானை அழுத்துங்கள், ஒரு துண்டுச் சீட்டு வரும், அந்தக் காசை 15 நாளுக்குள் கட்டினால் சரி.

வேகம் பெரும்பாதையில் 130, மழை என்றால் 110. சாதாரண நாட்டுப்புறச் சாலையில் 90, ஊருக்குள் 50. பெரும்பாதையில் சில இடங்களில் இரண்டு கேமராக்களுக்கு நடுவே சராசரி வேகத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள், கேமராவைக் கண்டவுடன் மெதுவாக்கி ஒரு பிரயோசனமும் இல்லை. ஊருக்கு வெளியே பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

வாகனத் தரிப்பிடத்துக்குத் தரையில் கோடு பாருங்கள். வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் அங்கே குடியிருப்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் பக்கத்துப் பலகையில் நேர வரம்பு போட்டிருந்தால் காருக்குள் இருக்கும் அட்டைக் கடிகாரத்தில் வந்த நேரத்தை வைத்துவிட்டு இறங்க வேண்டும்.

பெற்றோல் நிலையத்தில் ‘செல்ஃப்’ என்றால் நீங்களே அடிப்பது, ‘செர்விதோ’ என்றால் ஆள் வந்து அடிப்பார், அதற்கு விலை கூட. பென்சீனா என்பது பெற்றோல், கசோலியோ டீசல், காரின் எரிபொருள் மூடியிலேயே எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு அடியுங்கள். ஆளில்லாத நிலையத்தில் முதலில் பெட்டியில் அட்டையைப் போட்டுப் பம்ப் இலக்கத்தை அழுத்த வேண்டும். அப்போது அட்டையில் ஒரு பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும், பிறகு விட்டுவிடும்.

தண்டப்பணத்தில் பலருக்கு ஒரு குழப்பம். முதலில் அட்டையிலிருந்து ஒரு தொகை போகும். அது வாடகை நிறுவனம் உங்கள் பெயர் விலாசத்தைப் பொலிசுக்குக் கொடுத்ததற்கான கூலி மட்டும்தான். உண்மையான தண்டம் தனியாக வரும், வெளிநாட்டில் இருப்பவருக்கு அறிவிக்க அவர்களுக்கு 360 நாள் வரை காலம் இருக்கிறது. முதல் தொகை போனதோடு எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

வைகைக்கரை:

இருவருக்கும் ரொம்ப நன்றி. அவரிடம் வாசித்துக் காட்டினேன், அமால்ஃபி போய்விட்டது, கொஞ்சம் முகம் வாடினார், பரவாயில்லை. சியெனா பக்கம் தினம் ஒரு ஊரில் தங்குவதா, ஒரே இடத்தில் இருந்து போய்வருவதா? சைவச் சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தேன்சிட்டு:

ஒரே இடம்தான், மறு யோசனையே வேண்டாம். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்த்தால் காலை நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். நாங்கள் பியென்சாவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். அக்ரிதுரிஸ்மோ என்பார்கள், விவசாயக் குடும்பமே நடத்துவது, பல வீடுகளில் சமையலறையும் உண்டு. கார் வாசலிலேயே நிற்கும், இசட்.டி.எல். கவலை கிடையாது. அரிசியும் கொஞ்சம் பொடியும் கொண்டு போனால் இரவுச் சாப்பாடு பிரச்சினையே இல்லை.

முழங்கால் வலி என்றீர்கள், அதை வைத்தே ஊர்களைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் இந்த ஊர்கள் எல்லாம் குன்றின் மேல் இருக்கின்றன, காரைக் கீழே நிறுத்திவிட்டு ஏற வேண்டும். பியென்சா கிட்டத்தட்ட சமதளம். போப் இரண்டாம் பயஸ் தான் பிறந்த கிராமத்தை 1459-இல் தொடங்கி மூன்றே ஆண்டுகளில் ஒரு சிறு நகரமாக மாற்றிக் கட்டச் சொன்ன இடம் அது. தேவாலயத்துக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு நடைபாதை, அதில் நின்றால் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், அறுவடை முடிந்து உழுதுபோட்ட சாம்பல் நிற மேடுகளும் நடுநடுவே வரிசையாகச் சைப்ரஸ் மரங்களும். நாங்கள் போனபோது காற்றில் செம்மறி ஆட்டுப்பால் சீஸ் வாடை, அந்தத் தெருவில் கடைக்குக் கடை அதுதான் விற்கிறார்கள், சாம்பலில் புரட்டியது, வால்நட் இலையில் சுற்றியது என்று. கடைக்கார அம்மாள் கத்தி முனையில் சிறு துண்டு வெட்டி நீட்டினார், முதலில் இளசு, பிறகு முற்றியது, முற்றியதில் உப்பும் காரமும் நாக்கில் நின்றது. ஒன்று மட்டும், இத்தாலியச் சீஸ் பலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்த்துத்தான் பாலைத் திரிக்கிறார்கள், பார்மெசானும் அப்படித்தான். உங்களுக்கு அது ஆகாது என்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சியெனாவில் கீழே உள்ள சான்டா கத்தரீனா பார்க்கிங்கிலிருந்து எஸ்கலேட்டர் இருக்கிறது, முக்கால்வாசி ஏற்றம் அதிலேயே முடிந்துவிடும். ஓர்வியெத்தோவிலும் அப்படி உண்டு, ரயில் நிலையத்திலிருந்து வந்தால் இழுவை ரயிலும் உண்டு. மான்டெபுல்சானோ செங்குத்து, ஆனால் மேலே சதுக்கம் வரை சின்ன பஸ் போகிறது. சான் ஜிமிஞானோவில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தன என்பார்கள், இப்போது 14, பகலில் சுற்றுலா பஸ் கூட்டம் அலைமோதும், மாலையில் போங்கள். சிவித்தா தி பாஞ்ஞோரேஜோவை யாராவது சொன்னால் வேண்டாம், நீளமான ஏற்றப் பாலத்தில் நடந்துதான் போகவேண்டும். அதற்குப் பதில் பாஞ்ஞோ வின்யோனி போங்கள். ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர் ஊற்றுக் குளம், குளிக்க விடமாட்டார்கள், ஆனால் கரையில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. பீச்சி அல்லாலியோனே கேளுங்கள், கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், தக்காளியும் பெரிய பூண்டும் சேர்ந்த குழம்பு, நம் வாய்க்கு நன்றாக ஒத்துப்போகும். ரிபொல்லிதா என்ற ரொட்டி, காய், பீன்ஸ் சூப் உண்டு, ஆனால் சில இடங்களில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள், “சென்சா கார்னே, சென்சா பெஷே” (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கத்திய ரொட்டியில் உப்பே இருக்காது, அது அவர்கள் வழக்கம். மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறையை மூடினால் ஏழரை வரை திறக்கமாட்டார்கள், பசியோடு ஊர் ஊராகத் தேடி அலையாதீர்கள்.

இரவில் ஓட்ட வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிராமச் சாலையில் விளக்கு கிடையாது, காட்டுப்பன்றியும் மானும் குறுக்கே வரும். பண்ணைகளுக்குப் போகிற வெள்ளைச் சரளை ரோட்டிலும் மெதுவாகப் போகட்டும், டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இதெல்லாம் சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் சேராது.

டயர்வாசனை:

காகிதங்களை யாரும் சொல்லவில்லை. கிளம்புமுன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், படிவம் 4ஏ, ஒரு வருடம் செல்லும். நம் ஊர் லைசென்ஸையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது. கிரெடிட் கார்டு ஓட்டுபவரின் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் கார்டைக் கொடுத்து அவர் ஓட்டுவார் என்றால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வண்டியைக் கையில் வாங்கியதும் நாலு பக்கமும், சக்கரத்தின் விளிம்பும், கூரையும், கிலோமீட்டரும் தெரிய வீடியோ எடுங்கள். விடும்போதும் அப்படியே. எங்களிடம் ஒரு வாடகைக் கடையில் சக்கர விளிம்பில் கீறல் என்று கணிசமான தொகையைப் பிடித்தார்கள். எடுத்த அன்றைக்கே அந்தக் கீறல் இருந்ததைக் காட்டும் வீடியோவை அனுப்பினேன், நாலைந்து மின்னஞ்சலுக்குப் பிறகு பணம் முழுதாகத் திரும்பி வந்தது. வீடியோ இல்லையென்றால் நம் பேச்சு எடுபட்டிருக்காது.

வைகைக்கரை:

பியென்சா பக்கம் பண்ணை வீடு பார்த்தாயிற்று, சமையலறையோடு. கார் ஃபுளோரன்ஸ் விமான நிலையத்தில், ஆட்டோமேட்டிக். அனுமதிக்கு நாளை விண்ணப்பிக்கிறார். பீசாவையும் விட்டுவிட்டோம். ஒரு நாளாவது நல்ல மலைச்சாலையில் ஆசைதீர ஓட்ட வேண்டும் என்கிறார், அதற்கு எந்தச் சாலை?

நெடுஞ்சாலை நேசன்:

காரைத் திருப்பிக் கொடுக்க வரும் நாளில் சியெனாவிலிருந்து ஃபுளோரன்ஸுக்குச் சுங்கமில்லாத நாலுவழிச் சாலையை விட்டுவிட்டு எஸ்.ஆர்.222-ஐப் பிடிக்கச் சொல்லுங்கள், கியான்டிஜானா என்று பெயர். காஸ்டெல்லினா, பான்சானோ, கிரேவே வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும், வால்பாறை ஓட்டியவருக்கு நல்ல விருந்து. நீங்கள் போகும்போது திராட்சை அறுவடைக் காலம், வளைவு திரும்பினால் டிராக்டர் நிற்கும், அதனால் பொறுமையாக. பின்னால் யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். கிரேவே சதுக்கத்தில் நிறுத்திக் காபி குடிக்கலாம், ஆனால் சனிக்கிழமை காலையில் அங்கே சந்தை, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. காரை விடும் நாள் சனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.