தஞ்சாவூரில் பூட்டிய வீடு: கேமரா பற்றி யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மஸ்கட்டில் இருக்கிறோம். அம்மா கோவையில் அக்கா வீட்டுக்குப் போனபிறகு தஞ்சாவூர் வீடு பூட்டியே கிடக்கிறது. நகையெல்லாம் வங்கி லாக்கரில். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தாயிற்று. பக்கத்து வீட்டு மாமா வாசலைப் பெருக்கவைத்து, மாலையில் விளக்கும் போடுகிறார்.

சிக்கல் கேமராதான். கரண்ட் போனால் மோடம் அணைந்துவிடுகிறது, அப்புறம் இங்கிருந்து எதுவும் தெரிவதில்லை. மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் போதுமா, இல்லை சிம் போடும் 4ஜி கேமராவே மேலா? கேமராப் பதிவு சேரும் டிவிஆர் பெட்டியையே திருடர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள், அதனால் பதிவு கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், சேர வேண்டும்.

கொல்லைக் கதவுக்கு சென்சார் அலாரம் வைத்தவர்கள் யாராவது உண்டா? பூனைக்கெல்லாம் அலறினால் மாமா என்னை விடமாட்டார்! தஞ்சையில் நம்பிக்கையாக மாட்டித் தருபவர் இருந்தாலும் சொல்லுங்கள்.