தோட்டத்தில் மரக்கறிக் காணி கேட்டு வாங்கிய அனுபவம் – உங்கள் பக்கம் எப்படி?

மேல் டிவிஷன்காரி (தலவாக்கலைப் பக்கம்)

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் இப்போது வீட்டுக்கு 2 பேர்ச் (ஏறக்குறைய 50 சதுர மீட்டர்) வீதம் மரக்கறிக் காணி பிரித்துக் கொடுத்திருக்கிறோம். முன்பெல்லாம் தாத்தா காலத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் வெட்டிப் பிடித்த துண்டு யாருக்கு இருந்ததோ அவர்கள் வீட்டில் மட்டும்தான் போஞ்சியும் கீரையும். கலியாணம் கட்டிப் புதுசாக லயத்தில் ஒரு காம்பரா (அறை) எடுத்த பிள்ளைகளுக்கு ஒரு மிளகாய்க் கன்று நட இடம் இல்லை. 2022இல் சாமான் விலை ஏறியபோது, நுவரெலியாவுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு கரட்டைக் கிராம் கணக்கில் வாங்கினோம். அப்போதுதான் பெண்கள் சேர்ந்து இதைப் பேச ஆரம்பித்தோம்.

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் சித்தப்பா ஒரு விசயம் சொன்னார். அங்கே 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் ஊரில் 6 வாக்காளர்கள் சேர்ந்து காணி கேட்டு எழுதிக் கொடுத்தால் உள்ளூர் சபை அதைக் கட்டாயம் கவனத்தில் எடுக்க வேண்டுமாம். ஒரு பங்கு வழக்கமாக 10 ரொட், அதாவது நம் கணக்கில் 10 பேர்ச். நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் ஆறு பேராகச் சேர்ந்து எழுத்தில் கேட்பதை யாரும் தடுக்க முடியாது அல்லவா, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

நிலம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்கு வந்தது, ஆனால் காணி அரசாங்கத்துடையதுதான், கம்பனி நீண்டகாலக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. அதனால் துரை, அதாவது தோட்ட மனேஜர், நல்ல மனிதராக இருந்து "சரி, செய்யுங்க" என்று சொன்னாலும் அது அவர் அங்கே இருக்கும் வரைக்கும்தான். கடிதம் வேண்டும், தேதியும் கையெழுத்தும் முத்திரையும் அதில் இருக்க வேண்டும்.

நாங்கள் கேட்டது தேயிலை பிடுங்கிப் பல வருசமாக மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு மலையின் அடிப்பக்கம். தேயிலை நிற்கும் மலையைக் கேட்டிருந்தால் பேச்சே ஓடியிருக்காது. மரண உதவிச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதினோம், ஏனென்றால் அதில் எல்லாத் தொழிற்சங்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு சங்கத்துத் தலைவர் மட்டும் முன்னால் நின்றால் மற்றச் சங்கத்து வீடுகள் ஒதுங்கிவிடும். எல்லைக்கு ஒரு கைப்படமும் வரைந்து இணைத்தோம்.

நிர்வாகம் போட்ட நிபந்தனைகள்: கட்டடம் கட்டக்கூடாது, மரம் நடக்கூடாது, கேட்கும்போது ஒரு மாதத்தில் காணியைத் திருப்பித் தர வேண்டும். முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டோம், மூன்றாவதில்தான் இழுபறி. கரட் எடுக்கவே கிட்டத்தட்ட 3 மாதம், லீக்ஸுக்கு அதைவிடக் கூட. ஒரு மாதத்தில் விடு என்றால் பச்சைப் பயிரைப் பிடுங்கித்தான் விட வேண்டும். கடைசியில் "நட்ட பயிரை எடுத்த பின்" என்று ஒரு வரி சேர்க்கச் சம்மதித்தார்கள். அந்த வரிக்காகத் திரும்பத் திரும்பப் போய் நின்றதில் எங்களுக்கு வருத்தமே இல்லை, நீங்களும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த சண்டை, யாருக்குக் கொடுப்பது என்பது. செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில், பேர் இருக்கிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். நாற்பது வருசம் கொழுந்து எடுத்துவிட்டு ஓய்வெடுத்த பாட்டிக்கு இல்லையா? மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மருமகள் கார்மன்ட்ஸுக்குப் போகிறாள், ஆனால் லயத்தில் பிள்ளைகளோடு இருக்கும் அந்தக் குடும்பத்துக்கு இல்லையா? இன்று பல லயங்களில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் பேர் கொடுக்க) போகிறவர்களை விடப் போகாதவர்கள்தான் அதிகம். காணியை வேலைக்கான கூலியாக நினைத்துக் கொடுத்தால், வேலைக்குப் போகாத நாள் அதையும் பறிக்கலாம் என்றாகிவிடும். அது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. அந்த லயத்தில் அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு என்று நின்றோம், கிடைத்தது. ஏற்கெனவே துண்டு வைத்திருந்தவர்கள் கடைசி வரிசைக்குப் போனார்கள், முணுமுணுப்பு இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. பங்குகளைக் கோயிலில் வைத்துக் குலுக்கிப் போட்டோம், பாதைக்குக் கிட்ட இருந்த பங்குகளை மட்டும் வயசானவர்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கினோம்.

மண்ணைப் பற்றி: தேயிலை நின்ற மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பொருந்தும், கோவாவுக்கும் (முட்டைக்கோசு) பீட்ரூட்டுக்கும் பொருந்தாது. விவசாயப் போதனாசிரியர் வந்து மண் எடுத்துப் பார்த்து, புளிப்பைக் குறைக்க டொலமைட் சுண்ணாம்பு போட்டுக் கொத்தி, கொஞ்ச வாரம் விட்டு நடச் சொன்னார். 1920 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தாலும் விவசாயத் திணைக்களத்தில் ஆலோசனை சொல்வார்கள். மாட்டெருவை ஒரு வீட்டில் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டோம். பீலித் தண்ணீருக்கு (மலை ஊற்றிலிருந்து வரும் பொதுத் தண்ணீர்) வீட்டுக்கு ஒரு நேரம், காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பின்நேரம்.

கோவிந்துபுரம் (ஹப்புத்தளை)

அக்கா, செக்ரோல் விசயம் அப்படியே எங்கள் கதை. ஆனால் நான் சொல்ல வந்தது சரிவைப் பற்றி. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு இந்தப் பக்கம் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தாலே யாரும் தூங்குவதில்லை. லயத்துக்கு மேலே இருக்கும் மலையைக் கொத்திக் காணி கேட்டு ஒரு குழு வந்தபோது எங்கள் அப்பா ஒரே பிடியாக மறுத்தார். கீழே வீடு இருந்தால் மேலே கொத்தவே வேண்டாம். வேறு இடமே இல்லை என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதி, வந்து பார்க்கச் சொல்லுங்கள், மண்சரிவு அபாயம் பார்ப்பது அவர்கள்தான். பாத்திகளை மேலிருந்து கீழாகப் போடக்கூடாது, குறுக்கேதான் போட வேண்டும். கான் (மழைநீர் ஓடும் வடிகால்) வெட்டத் தெரிந்த பழைய ஆட்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டுக் கான் வெட்டிய பிறகு காணியைப் பிரியுங்கள். பிரித்த பிறகு என் பங்கில் கான் வேண்டாம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கான் ஓரத்தில் சேரைப் புல் (எலுமிச்சைப் புல்) நட்டால் மண் நிற்கும், வீட்டுக்கும் உதவும்.

மஸ்கெலியா தம்பி

எங்களுக்குக் கடிதம் கிடைக்கவில்லை. பழைய துரை வாயால் சொன்னார், இரண்டு போகம் நன்றாக எடுத்தோம், அவர் மாறிப் போன பிறகு வந்தவர் அந்த இடத்தில் தேயிலை மறுநடுகை என்று சொல்லி, நோக்கோல் (நூல்கோல்) காய்த்து நின்ற பாத்திகளில் குழி வெட்ட ஆள் விட்டார். அம்மா அன்று பேசாமல் வந்து படுத்துக்கொண்டார். அதனால் அக்கா முத்திரை பற்றிச் சொன்னதை எல்லோரும் தயவுசெய்து கவனியுங்கள்.

இன்னொன்று, காட்டுப்பன்றி. வேலி போட்டாலும் நெம்பிக்கொண்டு வரும், முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டிப் போடும். அதற்காகச் சிலர் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிக் கண்ணியில் மாட்டி, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. இங்கே நாய்களும் மாட்டிச் செத்திருக்கின்றன. கண்ணி வைத்தால் காணி போகும் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். எங்களுக்கு ஓரளவு உதவியது தகரத்தை நிலத்துக்குள் கொஞ்சம் இறக்கி அடித்ததும், விளையும் நேரத்தில் ஆண்கள் முறை வைத்துக் காவல் இருந்ததும்தான்.

நுவரெலியா மரக்கறிக்காரர்

நான் வாடகைக் காணியில் விற்பனைக்குச் செய்கிறவன். பங்குக் காணியில் ஒருவர் செய்வது எல்லோரையும் தாக்கும், அதைச் சொல்ல வேண்டும். கோவா, நோக்கோல் நாற்றைக் கண்ட இடத்தில் வாங்காதீர்கள். வேர் உருண்டு வீங்கும் நோய் அதோடு வந்தால் மண்ணில் வருசக் கணக்கில் இருக்கும், புளிப்பு மண்ணில் இன்னும் மோசம், ஒருவருடைய மண்வெட்டியிலிருந்து அடுத்த பங்குக்கும் போகும். நாற்றை நீங்களே ஒரு பொதுப் பாத்தியில் போட்டுக்கொள்வது நல்லது. உருளைக்கிழங்குக்கும் அப்படித்தான், சாப்பிட வாங்கிய கிழங்கை விதையாகப் போடக்கூடாது. மருந்து அடிப்பதை முடிந்தவரை விட்டுவிடுங்கள். பக்கத்துப் பாத்தியில் ஒரு பிள்ளை கீரை பிடுங்கிக்கொண்டு நிற்கும், பீலியும் கீழே இருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்தால் போஞ்சியும் கிழங்கும் கருகிப்போகும், கரட்டும் லீக்ஸும் தாங்கும்.

மேல் டிவிஷன்காரி

அண்ணா, பொது நாற்றுப் பாத்தி நல்ல யோசனை, அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகம்) பக்கத்தில் தண்ணீர் இருக்கிற ஒரு துண்டு சும்மா கிடக்கிறது.

தனிச் செய்தியில் இரண்டு மூன்று பேர் பிரதேச சபையிடம் கேட்கலாமா என்று கேட்டிருந்தார்கள். கேட்கலாம். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டங்களுக்குச் செலவழிக்க முடியாது என்பார்கள், ஆனால் 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். காணி அவர்கள் கையில் இல்லை, ஆனால் தண்ணீர்க் குழாய், நடைபாதை கேட்டு எழுதலாம். நாங்கள் குழாய் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் இல்லை. எழுதும்போது கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் கடிதத்தின் நகல் வேண்டும் என்கிறவர்கள் கேளுங்கள், தோட்டத்தின் பெயரை மறைத்து அனுப்புகிறேன்.