தனியார் நூலகத்தில் மார்பளவுச் சிலை: அரை மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி
வணக்கம். தனியார் நூலகம் ஒன்றில் 18-ஆம் நூற்றாண்டு பாணி பளிங்கு மார்பளவுச் சிலையைப் பார்க்க அரை மணி நேரம் அனுமதி கிடைத்திருக்கிறது. பட்டியலில் ‘ஊதோன் வழி’ (அதாவது 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிற்பி ஊதோனின் படைப்பைத் தழுவியது) என்று மட்டும் இருக்கிறது. தொடக் கூடாது. ஊதோன் பட்டறை வேலையா, பிற்கால நகலா என்பதைக் கண்ணால் பார்த்தே எந்த அளவுக்குச் சொல்லலாம்?

கல்லுளி
போவதற்கு முன்பே நூலகருக்கு எழுதி மூன்று விஷயம் கேளுங்கள். சிலை எந்த உயரத்தில் இருக்கிறது, பின்பக்கம் பார்க்க வழியுண்டா, டார்ச் பயன்படுத்தலாமா? அலமாரி உச்சியில் சுவரை ஒட்டி இருந்தால் அரை மணியும் வீண். திருப்பி வைக்கச் சொல்வதானால் அதை அவர்கள் ஆட்களே, முன்கூட்டியே செய்யட்டும். சிலையும் பீடமும் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகள், நடுவில் ஒரு கம்பிதான் பிடிப்பு. அது இரும்பாக இருந்து துருப்பிடித்தால் உப்பிப் பளிங்கையே பிளக்கும். கழுத்தடியில் பழுப்புக் கறையோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் திருப்ப வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பழஞ்சுவடி
முதலில் கண்களைப் பாருங்கள். ஊதோனின் கைத்திறன் அங்கேதான் முழுசாகத் தெரியும். கருவிழியைக் குடைந்துவிட்டு, மேலிமையை ஒட்டி ஒரு சிறு துணுக்கை மட்டும் விட்டுவைப்பார். குழி நிழலாகும், துணுக்கு வெளிச்சம் வாங்கி மினுங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில், முகத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். சுமாரான நகலில் குழி ஆழமில்லாமல், துணுக்கு மழுங்கிப்போய், பார்வை உயிரில்லாமல் இருக்கும்.

அடுத்தது பின்பக்கம். பளிங்கில் பல்லுளி இழுத்த இணைகோடுகளும், சுருள்முடியின் ஆழத்தில் துளைப்பான் தடங்களும் இருக்கும். காதுக்குப் பின்னாலோ முடியிலோ லேசாக எழும்பிய கோடு ஓடினால் அது அச்சுத் துண்டுகள் சேர்ந்த இடம். நுண்குமிழித் துளைகளும் தெரிந்தால் அது வார்ப்புதான், பட்டியல் என்ன சொன்னாலும் சரி. பிளாஸ்டராக இருந்தால் சிவப்பு அரக்கு முத்திரையைத் தேடுங்கள். ஊதோன் பட்டறை பிளாஸ்டர்களில் அது உண்டு.

கேள்வி கேட்டவர்
முடிக்குள் ஊசிமுனை போலப் புள்ளிக்குழிகள் இருந்தால் நகல் என்று வைத்துக்கொள்ளலாமா?

கல்லுளி
கூடாது. அவை அளவுப்புள்ளிகள். மாதிரியிலிருந்து கல்லுக்கு அளவை மாற்றும்போது விழுபவை. சிற்பியின் சொந்தப் பட்டறையிலும் பளிங்கு வேலை அப்படித்தான் நடந்தது. மேலும் ஊதோன் விஷயத்தில் ‘ஒரே அசல்’ என்ற எண்ணமே சரிவராது. 1785-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் வீடான மவுன்ட் வெர்னனுக்குப் போய் அவர் முகத்தில் நேரடியாக அச்செடுத்தார், அங்கேயே சுடுமண் சிலையும் செய்தார். அதே முகம் பிறகு பிளாஸ்டரிலும் பளிங்கிலும் வந்தது. கையெழுத்து வெட்டியிருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், நகலெடுத்தவர்கள் அதையும் சேர்த்தே நகலெடுத்தார்கள்.

மூன்றாம்கண்
படம் எடுக்க விட்டால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். போனைக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி முக விகிதமே மாறிவிடும், பிறகு ஒப்பிட உதவாது. 45 பாகைக்கு ஒன்றாக எட்டுப் படம், கண்ணுக்குத் தனியாக இரண்டு. ஃபிளாஷ் வேண்டாம். வெளியிடுவதற்கு அனுமதி தனியாக வாங்க வேண்டும்.