லாஃப்லின் கப்பல் ஹோட்டல் இனி திறக்குமா?

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசி)

வணக்கம். அரிசோனா, நெவாடா பக்கம் இருப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ஃபீனிக்ஸுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சூதாட்டம் எனக்குச் சுத்தமாக வராது. வாழ்நாளில் மொத்தமாக நாற்பது டாலர் தோற்றிருந்தால் அதிகம். இருந்தாலும் முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை, நெவாடாவில் கொலராடோ ஆற்றோரம் இருக்கும் காசினோ ஊரான லாஃப்லினுக்குக் கிளம்பிவிடுவோம். கிங்மன் தாண்டி 68ஆம் நெடுஞ்சாலையில் மலையிறங்கும்போது கும்மிருட்டில் ஆற்றோரமாக ஒரு வரிசை விளக்கு தெரியுமே, அதற்காகவே இரவில் போய்ச் சேர்கிற மாதிரி புறப்படுவேன்.

தங்குவது எப்போதும் கொலராடோ பெல்லில்தான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மிஸிஸிப்பி நீராவிக் கப்பல் மாதிரியே கட்டிய 600 அடி நீள ஹோட்டல் அது. புகைபோக்கி, துடுப்புச் சக்கரம் எல்லாம் உண்டு. மிதக்காது, தரையில்தான் நிற்கிறது. அப்பா முதல் தடவை பார்த்துவிட்டு, “இது எப்ப கிளம்பும்?” என்றார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்கு உள்ளே இருக்கும் சத்தமும் சிகரெட் புகையும் ஆகாது. காலையிலேயே ஆற்றோர நடைபாதைக்குப் போய், கம்பியில் சாய்ந்துகொண்டு பாப்கார்னை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடுவார். கீழே முழங்கை நீளக் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறும். கோயில் குளத்தில் பொரி போடுகிற அதே முகம், அதே பொறுமை.

இந்தக் குளிர்காலம் மறுபடி வருகிறார். வயது 81. “கப்பல்லதான் தங்கணும்” என்று இப்போதே சொல்லிவிட்டார். தேடினால் அறை பதிவு செய்ய ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. நாங்கள் கடைசியாகப் போனது 2018இல். அப்போது கப்பலில் இடம் இல்லாமல் அதே ஊரில் வேறோர் இடத்தில் தங்கினோம். பெயர் வேண்டாம். இரண்டு லிஃப்ட் நின்றுபோய், மிச்சமிருந்த ஒன்றுக்குக் கூட்டம் காத்திருந்தது. குளியலறைக் கதவைச் சாத்தினால் தானாகத் திறந்துகொள்ளும். அம்மா உள்ளே போனால் நான் வெளியே நாற்காலியை முட்டுக் கொடுத்துக் காவல் உட்கார வேண்டியிருந்தது. அன்றைக்கே ஊர் தேய்கிறது என்று தோன்றியது. கப்பலும் போய்விட்டதா?

பதில் 1 (வேகாஸ் டாக்ஸி)

மூடி வருடக்கணக்காகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நெவாடா முழுக்க காசினோக்களை மூடினார்களே, அன்று அணைத்த விளக்குதான். ஜூன் 4ஆம் தேதி மாநிலம் திறக்க அனுமதித்தது, மற்றவர்கள் திறந்தார்கள், இவர்கள் திறக்கவில்லை. நான் கடைசியாகப் போனபோதும் பூட்டித்தான் கிடந்தது. காரை நிறுத்திப் படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

பதில் 2 (பாலத்துக்கு இந்தப் பக்கம்)

நான் எதிர்க்கரையில், அரிசோனாவின் புல்ஹெட் சிட்டியில், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். காசினோவில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கரையில்தான் குடியிருக்கிறார்கள். அதனால் அந்த ஊருக்குக் காய்ச்சல் வந்தால் எங்கள் கவுண்டரில் முதலில் தெரியும்.

கொரோனா என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கப்பலையும் பக்கத்து எட்ஜ்வாட்டர் காசினோ ஹோட்டலையும் சேர்த்து எம்ஜிஎம் நிறுவனம் 2007இல் விற்றபோது விலை 20 கோடி டாலர். 2019 ஜனவரியில் கோல்டன் என்டர்டெயின்மென்ட் அதே இரண்டையும் வாங்கியது, 19 கோடிக்கு. பன்னிரண்டு வருடத்தில் விலைவாசி எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். ஆற்றங்கரைச் சொத்து அந்த விலைக்குக்கூட ஏறவில்லை என்றால் நோய் எப்போதோ பிடித்துவிட்டது. வாங்கியவர்களுக்கு ஏற்கெனவே அதே கரையில் அக்வேரியஸ் என்ற காசினோ இருந்தது. ஒரே தெருவில் மூன்று கடை வைத்திருப்பவர், கூட்டம் குறைந்தால் முதலில் எதன் கதவைச் சாத்துவார்? கப்பலில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் அறைகள். அத்தனைக்கும் குளிர்சாதனம் ஓட்ட வேண்டும். 1994 ஜூனில் 125 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்து நெவாடாவின் உச்சபட்ச வெயில் என்று பதிவான ஊர் இது.

இந்த ஊரை உண்டாக்கியதே ஒரு தனி ஆள். டான் லாஃப்லின் 1964இல், திவாலாகிக் கிடந்த எட்டு அறை மோட்டல் ஒன்றை வாங்கினார். ஆரம்பத்தில் பாதி அறையில் அவர் குடும்பமே இருந்தது, மீதிதான் வாடகைக்கு. 98 சென்ட்டுக்கு வயிறு நிறையக் கோழிச் சாப்பாடு போட்டுத்தான் ஆட்களை இழுத்தார். நீங்கள் தாண்டி வரும் அந்தப் பாலம் 1987இல் அவர் கைக்காசு 35 லட்சம் டாலரில் கட்டியது. கப்பல் ஹோட்டல் திறந்ததும் அதே வருடம்தான். அவர் 2023 அக்டோபரில் 92 வயதில் காலமானார்.

சாப்பாட்டிலும் அறையிலும் கை நஷ்டம், ஸ்லாட் மெஷினில் லாபம் என்பதுதான் ஊரின் சூத்திரம். மெஷின் பக்கம் போகாமல் அறையை மட்டும் அனுபவித்த உங்களைப் போன்றவர்கள் அவர்களுக்குச் செலவுக் கணக்கு! (கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதே கட்சிதான்.) அந்தச் சூத்திரம் ஓட, தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து பேருந்து பேருந்தாக ஆள் வர வேண்டும். 2000 மார்ச்சில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் பழங்குடியினர் நிலத்தில் வேகாஸ் பாணி காசினோவுக்கு அனுமதி கொடுத்தார்கள். அங்கே 2002இல் பெச்சாங்கா காசினோ விடுதி வந்தது, 2004இல் மொரோங்கோ காசினோவின் கோபுரம். உங்கள் ஃபீனிக்ஸைச் சுற்றியும் இப்போது எத்தனை! பக்கத்திலேயே கிடைப்பதற்கு யார் பாலைவனத்தைக் கடந்து வருவார்கள்? இது போதாதென்று 2005 கடைசியில் இங்கிருந்த மொஹாவே நிலக்கரி மின் நிலையமும் மூடியது. மாதச் சம்பளக்காரர்களும் போய்விட்டார்கள்.

2020 கோடையில் ஒருநாள். சீட்டு மேசையில் இருபது வருடத்துக்கு மேல் நின்ற ஒரு மனிதர் ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தார். வேலையோடு வந்த மருத்துவக் காப்பீடு செல்லாது என்று கணினி காட்டியது. இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன், அதேதான். அவர் கோபப்படவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், சட்டைப்பையில் வைத்தார். “பத்து நாளைக்கு மட்டும் எவ்வளவு ஆகும்?” என்றார். அந்த வாரம் முழுக்க அதே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டார்கள்.

பதில் 3 (எல்ஏ மாமா)

நல்ல பதிவு, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2002 ஏப்ரலில் பைக் திருவிழா சமயம் ஹாராஸ் காசினோவுக்குள் இரண்டு பைக் கும்பல்கள் மோதி மூன்று பேர் செத்தார்கள். குடும்பஸ்தர்கள் போவது அதற்கப்புறம்தான் குறைந்தது என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் அதைச் சொல்லியே இரண்டு வருடம் கிளம்பவிடவில்லை.

சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம் வீட்டில் அனுமதி கிடைத்தது. அதற்குள் மொரோங்கோ திறந்துவிட்டது. ஒன்றரை மணி நேரப் பயணம், அன்றைக்கே திரும்பிவிடலாம். லாஃப்லின் நாலரை மணி நேரம். அப்புறம் நான் போகவே இல்லை.

பதில் 4 (பாலத்துக்கு இந்தப் பக்கம்)

மாமா, உங்கள் வாக்குமூலமே என் கட்சிக்குச் சாட்சி! அந்தப் பைக் திருவிழா அதற்கப்புறமும் பல வருடம் நடந்தது.

ஃபீனிக்ஸ் வாசிக்கு: மீன்கள் இருக்கின்றன. நடைபாதை இருக்கிறது. பாப்கார்னைவிட மீன்தீனி நல்லது, உப்பும் வெண்ணெயும் அதுகளுக்கு எதற்கு? மேலே டேவிஸ் அணையில் எவ்வளவு திறக்கிறார்களோ அதைப் பொறுத்து ஒரே நாளில் தண்ணீர் ஏறி இறங்கும். வற்றியிருக்கும் நேரத்தில் போய்விட்டு மீன் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். ஜனவரியில் ஆற்றுக் காற்று ஊசியாகக் குத்தும், அப்பாவுக்குக் காதுவரை மூடும் குல்லா எடுத்து வாருங்கள்.

பதில் 5 (ஃபீனிக்ஸ் வாசி)

எல்லாருக்கும் நன்றி. எட்ஜ்வாட்டரில் இரண்டு இரவுக்கு அறை போட்டிருக்கிறேன், கப்பல் தெரிகிற பக்கமாகக் கேட்டு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று போனில், மேல்தளத்தில் அறை கிடைக்குமா என்று விசாரித்தார். பார்க்கிறேன்ப்பா என்று வைத்துவிட்டேன்.

இன்னொரு சின்ன சந்தேகம். குளிர்காலத்தில் நெவாடா நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்குமே. ஆற்றோரம் நின்றால் என் போன் இரண்டு கரைக்கும் நடுவில் மாறி மாறி நேரம் காட்டும். அப்பாவின் காலை மாத்திரைக்கு எந்தக் கரை நேரத்தை வைத்துக்கொள்வது? மருந்துக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.